வண்டிச் சத்தம்



ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை என்றால் சீனிவாசப் பெருமாள் மலைதான். நான் அந்த ஊர்க்காரன். வடக்கே இருக்கிற திருவண்ணாமலைப் பக்கம் ஆங்கிலேயர் காலத்தில் இரும்பு உலை எரிந்தது என்று ஒருநாள் படித்தேன். பெயர்ப் பாசத்தில் மேலும் தேடியது பரங்கிப்பேட்டையில் போய் நின்றது.

கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ல் அங்கே இரும்பாலை தொடங்கினார். கப்பலேற்ற வசதியான துறைமுகம். ஆனால் தாது சேலம் கஞ்சமலையில். இடையே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காவிரியில் பரிசலில் வர வேண்டும். நிலக்கரி இல்லை, மரக்கரிதான். காடு குறையக் குறைய கரி வரும் தூரம் கூடியது.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் கோட்பிரிட்ஜ் வட்டாரத்தைப் பாருங்கள். கரியும் தாதுவும் பக்கத்திலேயே. மாங்க்லாண்ட் கால்வாய் முன்பே இருந்தது. 1826-ல் ரயில்பாதையும் வந்தது. 1828-ல் நீல்சன் சூடான காற்றை உலையில் ஊதும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கரிச் செலவு வெகுவாகக் குறைந்தது. அந்த இரும்போடு நம் இரும்பு விலையில் எப்படிப் போட்டி போடும்? ஹீத் 1851-ல் இறந்தார். 1853-ல் புதுக் கம்பெனி வந்தது. அதுவும் 1874-ல் கலைக்கப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு வயதில் அப்பாவின் நிலத்தை அடகு வைத்து, ராஜபாளையத்துக்கு வெளியே சின்னதாக ஒரு வார்ப்புப் பட்டறை போட்டேன். உலையின் வெப்பத்தைக் கணக்குப் போட்ட நான், கரியும் இரும்பும் வந்துசேரும் லாரி வாடகையைச் சரியாகக் கணக்குப் போடவில்லை. இரண்டே வருஷத்தில் பூட்டினேன். அப்பா ஒன்றுதான் சொன்னார்: "அடுப்பைப் பத்திப் படிச்சே, வண்டிச் சத்தத்தைப் பத்திப் படிக்கலையேப்பா!"

நம் ஊர்க் கதையையும் பாருங்கள். சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல். விருதுநகர்–தென்காசி ரயில் 1927-ல் வந்தது; ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் பிறந்தது. வழி முன்னால், ஆலை பின்னால்.

தம்பிகளே, தங்கைகளே! தொழில் தொடங்குங்கள், பயப்படச் சொல்லவில்லை. ஆனால் திட்டத்தின் முதல் பக்கத்தில் வண்டிச் சத்தத்தை எழுதுங்கள். அடகு வைத்த நிலத்தை நான் இந்த வருஷம்தான் மீட்டேன். அடுத்த பட்டறைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.