அபராதம் போட்ட குழு

(பழவேற்காடு பகுதிக் கூட்டமைப்புக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியது)



முதலில் எங்கள் தப்பை ஒத்துக்கொள்கிறோம். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் ஓர் உறுப்பினர் தொடர்ந்து நாலு கூட்டத்துக்கு வரவில்லை. தீர்மானப் புத்தகத்தில் அபராதம் எழுதினார்கள். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அப்புறம் வீட்டுக்குப் போனால், ஒன்றரை வயசுப் பிள்ளை தூளியில் கிடக்கிறது. தலை நிற்கவில்லை. வீட்டுக்காரர் தொழிலுக்குப் போயிருந்தார்.

"தூக்கிக்கிட்டு வந்தா, கிரகணத்துல வெளிய போனியான்னு கேக்குறாங்கக்கா. அதான் வரல" என்றார் அந்தத் தாய்.

கிரகணமும் இல்லை, பாவமும் இல்லை. மருத்துவர் சொன்னது மூளை முடக்குவாதம். பிரசவத்தின்போது மூளைக்குப் பிராணவாயு போதாவிட்டாலும், குறைமாதத்தில் பிறந்தாலும், பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றினாலும் இது வரலாம். ஒட்டுகிற நோய் இல்லை. நம் பிள்ளைகள் தாராளமாகச் சேர்ந்து விளையாடலாம்.

"ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் நடக்கும்" என்று சொல்லிக் காலத்தைக் கடத்துவதுதான் கெடுதல். ஒன்பது மாதம் ஆகியும் உட்காராத, ஒன்றரை வயசிலும் நடக்காத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை உடனே காட்ட வேண்டும். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வர வேண்டும். எந்தத் தேதி என்று டீச்சரிடம் கேட்டு வையுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தால், மாவட்ட அளவில் உள்ள ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்தில் பயிற்சி கிடைக்கும். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. அதனால் அப்பாவே தூக்கிக்கொண்டு போகட்டும்!

சென்னையில் வித்யாசாகர் மாதிரி, 1985-லிருந்து நடக்கிற நல்ல இடங்கள் உண்டு. ஆனால் இங்கிருந்து தினமும் போய்வர முடியுமா? பயிற்சியில் பெரும்பகுதி வீட்டில்தான். சுவர் மூலையில் இருபக்கமும் தலையணை அண்டக் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். படுக்க வைத்து ஊட்டினால் புரையேறும், நிமிர்த்தி வைத்துத்தான் ஊட்ட வேண்டும். இதெல்லாம் ஒரு நாளைக்குப் பல தடவை. மீன் விற்கப் போகிற தாய் ஒருத்தியால் எப்படி முடியும்?

அந்தக் குழு இப்போது அவர் வீட்டுத் திண்ணையில் கூடுகிறது. உறுப்பினர்கள் முறை வைத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள். பஸ் போகாத இடத்துக்கு ஆட்டோ செலவு உள்கடனில். அபராதத்தையும் தள்ளுபடி செய்தார்கள். ஓர் அக்கா மட்டும் "சட்டம்னா சட்டம்தான்" என்றார். இன்னும் அதையேதான் சொல்கிறார், ஆனால் தன் முறைக்குச் சரியாக வந்துவிடுகிறார்.

அடையாள அட்டைக்கும், பாதிப்பு கடுமையாக இருந்தால் மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். எழுதித் தர நாங்கள் வருகிறோம்.

பிள்ளைக்குக் கழுத்து இப்போது கொஞ்சம் நிற்கிறது. நடக்குமா என்று அந்தத் தாயிடம் யாரும் கேட்காதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் வருகைப் பதிவேட்டைத் திருப்பிப் பாருங்கள். வராதவர் வீட்டுக்கு இரண்டு பேர் போய்வந்த பிறகு அபராதத்தை எழுதலாம்.