நாஸ்தென்காவின் ஊக்கு



பௌர்ணமிக்குத் திருவக்கரைக் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். திண்டிவனம், விழுப்புரம், புதுவை என்று நாலாபக்கமிருந்தும் சனம் வந்து இறங்கும். நள்ளிரவு ஜோதி தரிசனம் முடியும்வரை ஊர் கண் மூடாது. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஜூன் மாத இரவுகளும் இப்படித்தான் விழித்திருக்கும். அங்கே காரணம் நிலா அல்ல, சூரியன். வடகோடியில் இருக்கும் ஊர். அடிவானத்துக்குக் கீழே கொஞ்சம்போல இறங்குகிற சூரியன், நன்றாக இருட்டுவதற்குள் மேலே வந்துவிடும்.

அப்படிப்பட்ட நான்கு இரவுகளை வைத்து 1848இல் தஸ்தயெவ்ஸ்கி எழுதிய காதல் கதைதான் ‘வெண்ணிற இரவுகள்’. நாயகி நாஸ்தென்காவுக்கு வயது 17. கண் தெரியாத பாட்டி, பேத்தி எங்கும் போய்விடக் கூடாதென்று அவள் உடையைத் தன் உடையோடு சேர்த்து ஊக்குக் குத்தி வைத்திருக்கிறாள். நம் ஊர்ப் பாட்டிகளுக்குக்கூட இந்த யோசனை வந்ததில்லை! மாடிக்குக் குடிவந்த இளைஞன் படிக்கப் புத்தகம் தருகிறான். பாட்டியையும் பேத்தியையும் ரொசினியின் ‘செவில் நாவிதன்’ இசைநாடகத்துக்கு அழைத்துப் போகிறான். அது என்ன கதை தெரியுமா? காப்பாளரின் கட்டுக்காவலை மீறி ஒரு பெண் காதலனைக் கைப்பிடிக்கிற கதை. பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே அதைப் பார்க்கிறார்கள். தஸ்தயெவ்ஸ்கிக்குக் குறும்பு தெரியாது என்று யார் சொன்னது?

ஒரு வருடத்தில் திரும்புவதாகச் சொல்லி அவன் மாஸ்கோ போய்விடுகிறான். கெடு முடிந்தும் வராதவனுக்காகக் கால்வாய்க் கரையில் அழுதுகொண்டு நிற்கிறாள். அங்கேதான் கதை சொல்பவன் அவளைச் சந்திக்கிறான். நண்பர் யாருமற்ற கனவுக்காரன். நான்காம் இரவில் அவள் மனம் இவன் பக்கம் சாய்கிறது. அந்த நேரம் பார்த்து மாஸ்கோ போனவன் வந்துவிடுகிறான், அவள் அவனோடு போய்விடுகிறாள். மறுநாள் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம். படித்தவனுக்குக் கோபம் வரவில்லை, அவளை வாழ்த்துகிறான்.

இந்தக் கோபமின்மைதான் ரஷ்யக் கதையின் உயிர் என்பேன். இத்தாலியின் விஸ்கோந்தி, பிரான்சின் பிரெஸ்ஸோன் எல்லாரும் இதைப் படமாக்கினார்கள். 2003இல் எஸ்.பி. ஜனநாதன் தம் முதல் படமான ‘இயற்கை’யில் கால்வாய்க் கரையைக் கடலோரமாக்கினார், திரும்பி வருபவனைக் கப்பல் கேப்டனாக்கினார். நாயகன் தோற்கும் முடிவை மட்டும் மாற்றவில்லை. தமிழ் சினிமாவில் அதற்குத் துணிச்சல் வேண்டும். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. இந்தியில் பன்சாலி இதே கதையை வைத்து எடுத்த ‘சாவரியா’ வந்ததோ நான்கு வருடம் கழித்துத்தான்.

இன்னொரு ரஷ்ய எழுத்தாளர் துர்கேனிவ் 1860இல் எழுதிய ‘முதல் காதல்’ வேறு ரகம். 16 வயதுப் பையன், பக்கத்து வீட்டு 21 வயது ஜினாயிதாவிடம் மனதைப் பறிகொடுக்கிறான். அவள் யாரையோ நேசிக்கிறாள், யாரென்று தெரியாமல் தவிக்கிறான். கடைசியில் தெரிகிறது, அது அவனுடைய அப்பா. அப்போதும் பையனுக்கு அப்பாமேல் வெறுப்பு வரவில்லை, மதிப்புக் கூடுகிறது. படிக்கிற நமக்குத்தான் பகீரென்கிறது. தன் வாழ்வில் நடந்ததையே எழுதியதாகத் துர்கேனிவ் சொன்னார்.

நம் சினிமாவில் அப்பா காதலை எதிர்ப்பார், இல்லையென்றால் கடைசி ரீலில் சேர்த்து வைப்பார். போட்டிக்கு வரமாட்டார். ஜனநாதனைப் போல் துணிந்த ஒருவர் நாளைக்கு இந்தக் கதையை எடுக்க வந்தாலும், அந்த அப்பா வேடத்துக்கு நடிகர் கிடைப்பாரா என்பதுதான் என் சந்தேகம்.