வயிற்று வியாதியும் பெருங்குடற் சோதனையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நமது சபைகளில் கல்வியைப்பற்றியும், விவாகச் செலவைப்பற்றியும், தர்ம கைங்கரியங்களைப்பற்றியும் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். மலங்கழித்தலைப்பற்றி யாரும் பேசக் கேட்டதில்லை. சபைக்கு அடாத பேச்சென்று நாம் அதை ஒதுக்கி வைத்ததனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. ஆகையால் சற்று நேரம் நாணத்தை விலக்கிச் செவிசாய்க்குமாறு வேண்டுகிறேன்.

நாம் உண்ட அன்னம் இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஜீரணமாகி, எஞ்சியது பெருங்குடலை அடைகிறது. ஏறக்குறைய 5 அடி நீளமுள்ள இக்குடல், கழிவிலுள்ள நீரை உறிஞ்சி, அதனைக் கெட்டிப்படுத்தி வெளியேற்றுகிறது. நாருள்ள ஆகாரமும், தண்ணீரும், தேக உழைப்பும் குறைந்தால் கழிவு இறுகி மலச்சிக்கல் உண்டாகிறது. முக்கிக் கழிப்பதால் மூலமும், ஆசனவாயில் வெடிப்பும் தோன்றுகின்றன. இவை பெரும்பாலும் கீரை, காய்கறி, தவிடு நீங்காத தானியம், போதிய நீர், நாள்தோறும் நடை ஆகியவற்றாலும், எளிய சிகிச்சையாலும் தணியக் கூடியவையே.

ஆயினும், மலத்தில் இரத்தங் கண்டவுடன் "இது மூலச்சூடு" என்று தாமே நிச்சயித்து, துத்திக் கீரையும் கருணைக் கிழங்கும் உண்டு மாதக்கணக்காக வாளாவிருத்தல் தகாது. பெரும்பான்மையோருக்கு அவ்விரத்தம் மூலத்தாலோ வெடிப்பாலோ வருகிறதென்பது மெய்யே. ஆனால் பெருங்குடற் புற்றுநோயும் அதே அடையாளத்தைக் காட்டும். மூலமுடையவருக்குப் புற்று வாராதென்னும் நியதியும் இல்லை. இரத்தமன்றி, சில வாரங்களாக மலங்கழியும் வழக்கம் மாறுதல், காரணமின்றி உடல் மெலிதல், ஆடவருக்கும் மாதவிடாய் நின்ற மாதருக்கும் இரும்புச்சத்துக் குறைந்து சோகை உண்டாதல் ஆகிய குறிகளும் வைத்தியரிடம் தாமதமின்றிச் சொல்லத்தக்கவை.

இத்தகைய சந்தேகங்களைத் தீர்க்கும் உபாயமே கொலோனோஸ்கோப்பி என்னும் பெருங்குடற் சோதனை. நுனியில் விளக்கும் காமிராவும் பொருந்திய, வளையத்தக்க மெல்லிய குழாயை ஆசனவாய் வழியே செலுத்தி, குடலின் உட்புறம் முழுவதையும் வைத்தியர் கண்ணாரக் காண்கிறார். 1969-ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரில் ஷின்யா, உல்ஃப் என்னும் இரு சஸ்திர வைத்தியர்கள், வயிற்றைக் கீறாமலே இக்குழாய் வழியாகக் கம்பிக் கண்ணியைச் செலுத்திக் குடலில் முளைத்த சதையை அறுத்தெடுக்கத் தொடங்கினர். அதன் மகிமை யாதெனில், பாலிப் எனப்படும் அச்சிறு சதைமுளைகளிலிருந்தே பெருங்குடற் புற்று பெரும்பாலும் தோன்றுகிறது. முளைகளெல்லாம் புற்றாவதில்லை, ஆகிறவைக்கும் சாதாரணமாகப் பத்து வருஷமளவு செல்லும். அதற்குள் முளையைக் களைந்துவிட்டால் நோய் பிறக்குமுன்னரே தடுத்தவராவோம். கண்டுபிடிக்கும் சோதனையே காக்கும் சிகிச்சையாகவும் அமைவது வைத்திய சாஸ்திரத்தில் அரிது.

சோதனையைக் காட்டிலும் அதற்கு முந்திய தினமே சற்றுச் சிரமமானது. அன்று கட்டியான ஆகாரத்தை நீக்கி, தெளிந்த நீராகாரங்களை மட்டும் அருந்தி, கொடுக்கப்பட்ட பேதி மருந்தை முறைப்படி உட்கொள்ள வேண்டும். குடல் சுத்தமாயிராவிடில் சிறு முளைகள் கண்ணுக்குத் தப்பிவிடும். நீரிழிவுக்காரரும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவரும், தங்கள் மருந்துகளைப்பற்றி முன்னதாகவே வைத்தியரிடம் தெரிவித்தல் அவசியம். சோதனையின்போது மயக்க மருந்து கொடுப்பது வழக்கமாதலால் வேதனை அதிகமில்லை; பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்று வாகனம் ஓட்டலாகாது. துணைக்கு ஒருவர் வேண்டும். இரத்தப் பெருக்கோ, குடலில் துவாரமோ நேரிடுவதுண்டு. ஆனால் அது மிக அபூர்வம்.

எவர், எப்போது செய்துகொள்வது? குறிகள் கண்டவர் எவ்வயதினராயினும் வைத்தியரை நாட வேண்டும். குறியொன்றும் இல்லாதவருக்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு, 50 என்றிருந்த ஆரம்ப வயதை 2021-இல் 45 ஆகக் குறைத்தது. குழாய்ச் சோதனைக்கு அஞ்சுவோர், மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காட்டும் சோதனையை முதலிற் செய்துகொள்ளலாம். அதில் இரத்தமுண்டென்று தெரிந்தால் குழாய்ச் சோதனையைத் தவிர்க்கலாகாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருப்பின், 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருஷம் முன்னதாக, இவற்றுள் எது முந்தியோ அப்போதே தொடங்குதல் நன்றென்று வைத்தியர்கள் கூறுகின்றனர்.

இவ்விடத்தில் நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஏழு தலைமுறைப் பெயர்களையும், எவர் எந்த ஊரில் பெண் கொண்டார் என்பதையும் பிழையின்றிச் சொல்லும் நம்மவரை, "பாட்டனார் எதனால் காலமானார்?" என்று கேட்டால், "வயிற்றுக் கோளாறு" என்பதற்குமேல் விடையில்லை. அந்த ஒரு சொல்லின்கீழ் எத்தனை நோய்கள் மறைந்து கிடக்கின்றனவோ! நாணத்தால் தந்தை மறைத்த நோயை மகன் அறியான். அறியாதவன் தக்க வயதில் சோதித்துக்கொள்ளான். ஆகவே, ஜாதகம் எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகத்திலேயே, இன்னாருக்கு இன்ன வயதில் இன்ன வியாதி வந்தது என்றும் குறித்துவையுங்கள். பெரியோர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டெழுதுங்கள். பிள்ளைகளுக்கு நிலமும் நகையும் வைப்பதோடு இக்குறிப்பையும் வைத்தல் பெற்றோர் கடமையாம்.