கடற்கரைத் திருநகரும் வான்மியூர்ப் பெருமானும்

திருச்சிற்றம்பலம்



சென்னை மாநகரின் தென்பால், அடையாற்றின் முகத்துவாரம் முதல் திருவான்மியூர் ஈறாகக் கிடக்கும் கடற்கரை, இன்று செல்வர் பலர் விரும்பி உறையும் இடமாக விளங்குகின்றது. பெசன்ட் நகர், திருவான்மியூர் என்னும் பெயர்களைக் கேட்ட அளவில் நிழல்மரத் தெருக்களும் மாடங்களும் மாலைக் கடற்காற்றும் நினைவிற்கு வரும். இப்பெருமைகள் யாவும் அண்மையில் வந்தவை. இக்கரைக்கு நெடும்புகழ் அளித்தது மருந்தீசப் பெருமானின் திருக்கோயிலே ஆகும்.

தொண்டை நாட்டுத் தேவாரத் தலங்கள் முப்பத்திரண்டனுள் திருவான்மியூரும் ஒன்று. திருஞானசம்பந்தர் பாடியருளிய பதிகங்கள் இரண்டு; திருநாவுக்கரசர் பாடியருளிய பதிகம் ஒன்று. வான்மீகி முனிவர் வழிபட்டமையால் ஊர் இப்பெயர் பெற்றதென்பர். அகத்தியர்க்கு மூலிகைகளின் இயல்பை உபதேசித்தமையால் இறைவன் மருந்தீசர் எனவும், காமதேனு பால் சொரிந்து வழிபட்டமையால் பால்வண்ணநாதர் எனவும் போற்றப்பெறுகின்றார். அம்மையின் திருநாமம் திரிபுரசுந்தரி, தலமரம் வன்னி. மூலவர் மேற்கு நோக்கி எழுந்தருளியிருத்தல் தனிச்சிறப்பு. அப்பைய தீட்சிதர் பொருட்டுப் பெருமான் திரும்பியருளினார் என்பது செவிவழி வரலாறு.

சம்பந்தப் பிள்ளையார் இறைவனை வினவும் பாங்கில் அருளிய பதிகத்தில், கரையில் ஒதுங்கும் சங்கும் இப்பியும், கழியில் துள்ளும் மீனும் காட்சியளிக்கின்றன. நெய்தல் நிலத்திற்குரிய மக்கள் பரதவர் என்பது தமிழர் கண்ட திணைமரபு. எனவே இக்கரையை எண்ணுங்கால் கோயிலோடு வலைஞர் குடியையும் ஒருங்கு எண்ணுதலே முறை.

பிற்கால வரலாறும் சிறப்புடையதே. 1882-ஆம் ஆண்டில் பிரமஞான சங்கத்தின் தலைமையிடம் அடையாற்றிற்கு வந்தது. அதனை நிறுவியோருள் ஒருவராகிய கர்னல் ஆல்காட், தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் கல்வி பெறும்பொருட்டு 1894-இல் இங்கு ஒரு பள்ளி கண்டார். 1929-இல் பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் திருவான்மியூரில் சமாதி எய்தினார். 1936-இல் ருக்மிணி தேவி அம்மையார் அடையாற்றில் தோற்றுவித்த கலாக்ஷேத்திரம் பின்னர் வான்மியூர் மணற்பரப்பில் நிலைபெற்றது. திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட உ.வே.சாமிநாதையர், ஊர் ஊராகத் திரிந்து தொகுத்த சுவடிகளும் பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் காக்கப்பெறுகின்றன. வீட்டுவசதி வாரியம் மனைகளை வகுத்தபின் குடியேற்றம் பெருகியது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றபின் நிலத்தின் விலை சாமானியர்க்கு எட்டாத உயரம் சென்றது.

இவ்வளர்ச்சிக்கு இடையே ஊரூர்க் குப்பமும் ஓடைக்குப்பமும் திருவான்மியூர்க் குப்பமும் கடலையே நம்பி நிற்கின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது முதலில் அடிபட்டவர்கள் அலையோரத்தில் வாழ்ந்த இம்மக்களே. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நிகழ்ந்த விழாவில், சபைகளில் மட்டும் கேட்கப்பெற்ற கருநாடக இசை குப்பத்து மணலில் ஒலித்தது. மாளிகையினரும் குப்பத்தினரும் ஒரே மணலில் அமர்ந்து கேட்டனர். அத்தகைய நாட்கள் அரியனவாக இருத்தலாகாது.

மீன் நாற்றமும் வலைக்குவியலும் நகரின் அழகிற்குப் பொருந்தா என்று கூறுவாரும் உளர். அன்னார் அதிபத்த நாயனார் வரலாற்றைச் சிந்தித்தல் வேண்டும். நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் பரதவர் குலத்தில் தோன்றிய அப்பெருமான், நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றை இறைவனுக்கெனக் கடலில் விட்டார். ஒரு மீனே கிடைத்த நாட்களிலும் அதனையே விட்டார். சுற்றம் பசித்தது, தாமும் பசித்தார். இறுதியில் மணிகள் இழைத்த பொன்மீன் வந்தபோது, அதுவும் சிவனுக்கே என்று விட்டார். சேக்கிழார் பெருமான் அவரை நாயன்மார் அறுபத்துமூவருள் ஒருவராக வைத்துப் பாடினார். சிவாலயத்தில் அவர் திருவுருவின்முன் கைகூப்பும் அன்பர், வெளியே அவர் குலத்தார் வலை உலர்த்தும் மணலை இடையூறு என்று கருதுதல் பொருந்துமா? பொன்னை உடையவர் அதனைக் கொடுத்தல் எளிது. உள்ளது ஒன்றாயினும் அதனைக் கொடுத்தல் அரிது. கொடையில் அவரே ஆசிரியர்.

திருப்பணிக்குப் பொருள் வழங்கிய புரவலர்களின் தொண்டு பெரிது. அத்தொண்டு கோயில் மதிலோடு நின்றுவிடாமல், குப்பத்துப் பிள்ளைகளின் கல்விக்கும், கடல் சீறும் நாட்களில் அடுப்பு எரியாத இல்லங்களுக்கும் சென்று சேர்தல் வேண்டும். படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் மீன் விற்கவும் உரிய இடம் அவர்கட்கு என்றும் நிலைக்க, செல்வாக்குடையோர் துணைநிற்றல் வேண்டும். விழாவிற்கு அவர்களை அழைத்து, முதல் வரிசையில் இருத்திப் பிரசாதம் வழங்குதலும் சிவப்பணியே.

குடமுழுக்கு நாளில் விமானத்தின் உச்சியிலிருந்து தெளிக்கப்பெறும் புனித நீர், கீழே கூடிநிற்பார் அனைவர் தலைமீதும் ஒப்ப விழுகின்றது. அந்நீரை ஏற்றவர் உள்ளமும் அவ்வாறே வேறுபாடின்றி விளங்குக. மருந்தீசர் திருவருளால் மாளிகையும் குப்பமும் நோயின்றி வாழ்க! மழை வளம் பெருகுக! கடல் அமைதியுறுக!

திருச்சிற்றம்பலம்