அஞ்சல்தலையும் அஞ்சல்காரர் வராத தெருவும்



நினைவுரை என்றதும் தடித்த நூல்களோடு வருவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். என் கையில் இருப்பது ஒரு சின்னக் காகிதம். 2005இல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட அயோத்திதாசப் பண்டிதர் நினைவு அஞ்சல்தலை.

விடுதலை பெற்ற இந்தியா தன் அஞ்சல்தலையில் முதன்முதலில் ஏற்றிய தலைவர் காந்தி. 1948 ஆகஸ்ட் 15. ஒன்றரை அணா முதல் பத்து ரூபாய் வரை நான்கு தலைகள். அச்சானது சுவிட்சர்லாந்தில், கதரைப் போதித்தவருக்கு அயல்நாட்டு அச்சு! போகட்டும். நேரு இறந்தது 1964 மே 27. ஜூன் 12ஆம் தேதியே அவருக்கு அஞ்சல்தலை வந்துவிட்டது. அம்பேத்கர் மறைந்தது 1956 டிசம்பரில். அவருக்கு முதல் அஞ்சல்தலை 1966 ஏப்ரல் 14 அன்று, பதினைந்து பைசாவில். பத்தாண்டு காத்திருப்பது துறையின் வழக்கம், ஆட்சித் தலைவர்களுக்கு விலக்கு உண்டு என்று ஒருவர் எனக்கு விளக்கினார். சரிதான். யார் ஆட்சித் தலைவர் ஆக முடிந்தது என்பதுதானே நம் கேள்வி?

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அஞ்சல்தலையில் இரண்டு வகை. நினைவு அஞ்சல்தலை ஒருமுறைதான் அச்சாகும். தீர்ந்தால் தீர்ந்தது, பெரும்பாலும் சேகரிப்பவர்களின் ஆல்பத்துக்குள் போய்விடும். அன்றாட அஞ்சல்தலை தீரத் தீர மறுபடி அச்சாகும். கிராமத்து அஞ்சலகம் வரை போகும். அம்பேத்கர் இந்த இரண்டாம் வகைக்குள் வர 2001 ஆயிற்று. இரட்டைமலை சீனிவாசனுக்கு 2000, அயோத்திதாசருக்கு 2005, இம்மானுவேல் சேகரனுக்கு 2010, ஒண்டிவீரனுக்கு 2022. இவையெல்லாம் முதல் வகை. விழா நடக்கும், அமைச்சர் வருவார், மாலை விழும். மறுமாதம் கவுண்டரில் கேட்டால் 'ஸ்டாக் இல்லை'.

இவர்களுக்கும் தபாலுக்கும் இருந்த உறவு வேறு. 1891 டிசம்பரில் நீலகிரியில் கூடிய திராவிட மகாஜன சபை மாநாட்டின் தீர்மானங்களை அயோத்திதாசர் காங்கிரசுக்கு அனுப்பிவைத்தார். 1907இல் அவர் தொடங்கிய வார இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. சென்னையில் அச்சான அந்த இதழ் கோலார் தங்கவயலுக்கும் ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. எப்படிப் போயிருக்கும்? தபாலில்தான். மேலே ஒட்டியிருந்தது எட்வர்டு மன்னரின் முகம். உள்ளே இருந்தது நம் பண்டிதரின் எழுத்து. தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய உழைப்பாளி வெளியே வந்து அதை வாசித்தான். ஒரு இயக்கம் அப்படித்தான் உருவாயிற்று.

இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். பொதுத்தெருவில் நடக்கலாம், பொதுக்கிணற்றில் நீர் எடுக்கலாம், பொது அலுவலகத்துக்குள் நுழையலாம் என்று அதைச் சொல்வதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அஞ்சலகமும் பொது அலுவலகம்தான்.

என் ஊரைப் பற்றிக் கொஞ்சம். எழுபதுகளில் எங்கள் சேரிக்குள் தபால்காரர் வரமாட்டார். ஊர்த்தெரு முனையில் ஒரு டீக்கடை. எங்கள் கடிதங்களை அந்தக் கடை மேசையில் போட்டுவிட்டுப் போவார். சித்தப்பா தங்கவயலில் வேலை பார்த்தார். அவர் எழுதும் கார்டை ஊரே படித்து முடித்த பிறகு நாங்கள் படிப்போம். சித்திக்கு உடம்பு எப்படி, கடன் எவ்வளவு பாக்கி, எல்லாம் டீக்கடைக்குத் தெரியும். மணியார்டர் வந்தால் அம்மா அங்கே போய், கடைக்கு வெளியே நின்று கைநாட்டு வைக்க வேண்டும். ரூபாயை எண்ணித் தரும்போது இரண்டு ரூபாய் குறையும். அம்மா எண்ணிப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள்.

2005இல் நான் நகரத்தில் வேலையில் இருந்தேன். தலைமை அஞ்சலகத்தில் வரிசையில் நின்று பண்டிதரின் தலைகள் இரண்டு வாங்கினேன். ஒன்று இதோ. இன்னொன்றை அம்மாவுக்கு எழுதிய கடிதத்தின் உறையில் ஒட்டி அனுப்பினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முகத்தையாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஊருக்குப் போனபோது கேட்டேன். கடிதம் வரவில்லை என்றாள். டீக்கடையில் போய்ப் பார்த்தேன். மேசையில், தினத்தாளுக்கு அடியில் கிடந்தது. உறை பிரிந்திருந்தது. தலை இருந்த இடத்தில் பசைத்தடம் மட்டும் இருந்தது.