என்ன தெரியும் என்று கேளுங்கள்



பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பாராட்டிப் பலர் பேசிவிட்டார்கள். நான் இந்த மேடைக்கே வராத பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "அது ஒரு மாதிரி" என்று சொல்லி லயத்துக் கதவைச் சாத்தி வைக்கிறோமே, அந்தப் பிள்ளைகள்.

நானும் தவறு செய்தவள்தான். நம் லயத்தில் பதினொரு வயதுப் பையன் ஒருவன். பேச்சு வராது, பென்சில் பிடிக்க வராது. முதல் நாள் அவன் வீட்டுக்குப் போனபோது, பயிற்சி பெற்ற ஆசிரியை என்ற மிடுக்கோடு, அவனால் முடியாததையெல்லாம் நோட்டில் எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. பால் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்த தாயார் சொன்னார்: "டீச்சர், அவனுக்கு என்னா தெரியும்னு நீங்க கேக்கவே இல்லையே. சாயந்திரம் கோழி அடைக்கிறது அவன்தான். ஒன்னு குறைஞ்சாலும் என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்த் தேட வைப்பான்."

எண்ணத் தெரிந்த பிள்ளையைத்தான் நான் ஒன்றும் தெரியாதவன் என்று எழுதியிருந்தேன்! அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, கோழியிலிருந்து ஆரம்பித்தோம். பிறகு ரப்பர் கொட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கினான். பக்கத்து வீட்டுத் தாத்தா அவனைக் கடைக்குக் கூட்டிப் போய், சில்லறை கொடுத்து வாங்கப் பழக்கினார். அந்தத் தாத்தாவுக்கும் ஒரு கால் இல்லை; ஆனால் லயத்தில் பாதிப் பேருடைய பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக் கொடுப்பவர் அவர்தான். உதவி பெறுகிறவர், உதவி செய்கிறவர் என்று மனிதரை இரண்டாகப் பிரிக்க முடியாது, பாருங்கள்.

இது நான் கண்டுபிடித்த வித்தையல்ல. நம் நாட்டில் 1984ஆம் ஆண்டு, திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில், சமூக நல இலாகா 'பெமுலிஹான் டாலாம் கொமுனித்தி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சுருக்கமாக பி.டி.கே. என்பார்கள். பிள்ளையை ஊரைவிட்டுப் பிரிக்காமல், ஊராரும் பெற்றோரும் சேர்ந்து அங்கேயே பழக்குவதுதான் அதன் வழி. மையத்துக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி உண்டு. இன்று நாடெங்கும் 500க்கும் அதிகமான மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் வகுக்கிறார்கள்; ஒருவனுக்குச் சட்டைப் பொத்தான் போடுவது பாடம், இன்னொருவனுக்குச் செடி நடுவது.

பள்ளிக்கூடமும் மாறிவிட்டது. 2019இல் கல்வி அமைச்சு கொண்டுவந்த விதிப்படி, உடற்குறையையோ மனவளர்ச்சியையோ காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்கக் கூடாது. "நம்ம புள்ளைய எடுக்க மாட்டாங்க" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

சிலர் பதிவுக்கே பயப்படுகிறீர்கள். "அட்டை எடுத்தா ஊருக்குத் தெரிஞ்சிடும், அக்காளுக்கு மாப்பிள்ளை கெடைக்காது" என்று ஒரு தாய் என்னிடம் அழுதார். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அட்டை இல்லாவிட்டால் உதவித் தொகைக்கு மனுச் செய்யும்போது கை கட்டப்பட்டுவிடுகிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது, பதிவைக் கட்டாயப்படுத்தவில்லை. முடிவு உங்களுடையது.

பதிய விரும்புகிறவர்கள் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு சனிக்கிழமை மாலை பள்ளிக்கு வாருங்கள். டாக்டர் எழுத வேண்டிய பாரத்தைச் சேர்ந்து பார்ப்போம். பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டாலும் வாருங்கள், முதலில் அதற்கு வழி தேடுவோம். வரும்போது உங்கள் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நாலு விஷயம் யோசித்துக்கொண்டு வாருங்கள். இந்தத் தடவை நான் அதைத்தான் முதலில் எழுதப் போகிறேன்.