வேங்கை மரமும் முகப்பு அட்டையும்

பழங்கதை ஒன்றைச் சித்திரக்கதையாக்கும்போது இரண்டு முடிவுகளை முதலில் எடுத்தாக வேண்டும். முகப்பு அட்டையில் கதையின் எந்தக் கணம் நிற்பது, அச்சுப் புத்தகத்தோடு இணைந்து திரையில் அசையும் பக்கத்தில் எது அசைவது. கோடு, வண்ணம், எழுத்து, அச்சு எல்லாம் இவற்றைத் தொடர்ந்து வருபவை. இங்கே எடுத்துக்கொள்ளப்படும் கதை வள்ளி திருமணம். திருத்தணியில் பேசும்போது வேறு கதையை எடுத்தால்தான் காரணம் சொல்ல வேண்டும்.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் வள்ளியம்மை திருமணப் படலத்தோடு நிறைவடைகிறது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தையை வேடர்தலைவன் நம்பி வளர்க்கிறான். அவள் பருவமெய்தியதும் தினைப்புனம் காக்கப் பரண்மீது அமர்த்தப்படுகிறாள். நாரதர் அவளைக் கண்டு தணிகை என்னும் திருத்தணிக்கு வந்து முருகனிடம் சொல்கிறார். முருகன் வேடனாக வருகிறான், நம்பி வந்ததும் வேங்கை மரமாகிறான், பின்னர் கிழவனாகிறான், விநாயகர் யானையாக வந்து வள்ளியை வெருட்டுகிறார், ஆறுமுகம் வெளிப்படுகிறது. உடன்போக்கு, துரத்தல், மணம், பின்னர் மீண்டும் தணிகை. சித்திரக்கதைக்கு இவ்வளவு வாகான கதை தமிழில் அதிகமில்லை. ஒவ்வொரு திருப்பமும் கண்ணுக்குத் தெரியும் ஒரு மாற்றம்.

அட்டை பற்றிய வாதம் அவையோர் பலருக்கும் பழையது. மயில்மீது முருகன், இருபுறமும் வள்ளியும் தெய்வானையும். அட்டைக்கு அதுவே போதும் என்பது ஒரு கட்சி. அதற்கு வலுவான மரபும் உண்டு. ரவிவர்மாவின் அச்சுப்படங்கள் தொடங்கி, கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர்கள்வரை அந்த வடிவம் வீட்டுக்கு வீடு சென்று சேர்ந்திருக்கிறது. அதன் குறையும் அதுவேதான். அந்தப் படத்தில் எதுவும் நடக்கவில்லை, எதுவும் நடக்கப்போவதுமில்லை. மலையடிவாரக் கடையில் அதைப் பார்ப்பவர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்; புத்தகத்தைப் பிரிக்க மாட்டார்.

இன்னொரு கட்சி சூரபதுமனோடு நடந்த போரை அட்டையில் கேட்கிறது. கந்தசஷ்டியில் மற்ற முருகன் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்க, சினம் தணிந்த இடமான திருத்தணியில் புஷ்பாஞ்சலிதான் நடக்கிறது. கோயிலே விலக்கிவைத்த காட்சியை அந்த ஊர்ப் புத்தகத்தின் முகப்பில் ஒட்டுவது எவ்வகை விசுவாசம் என்பதை அக்கட்சியினர் இன்னும் விளக்கவில்லை.

மயில்மீது முருகனைக் கேட்கும் முதற்கட்சியின் சிறந்த சான்று திருத்தணிக்கு வடக்கே இருக்கிறது. ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரித் துணிகளில் நடுவே பெரிய கட்டம் ஒன்றும் அதைச் சுற்றி வரிசை வரிசையாகச் சிறு கட்டங்களும், அடியில் தெலுங்கு வரிகளும் வரும். நடுக்கட்டத்தில் இராமர் பட்டாபிஷேகம் போன்ற நிறைவுக் காட்சி இருப்பது வழக்கம். ஆகவே முகப்புக்கும் நிறைவுக் காட்சியே பொருத்தம் என்கிறார்கள். இதில் ஒரு வேறுபாடு விட்டுப்போகிறது. துணியில் நடுக்கட்டமும் சுற்றுக்கட்டங்களும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. முடிவும் வழியும் சேர்ந்தே தெரிகின்றன. புத்தகத்தில் அட்டை தனியாக நிற்கிறது. உள்ளிருப்பதை அது சொல்லித் தீர்த்துவிட்டால் உள்ளே செல்ல வழியில்லை.

நேர்மாறான சான்று சென்னையிலேயே பிறந்தது. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய சந்தமாமா–அம்புலிமாமாவில் விக்ரமாதித்தன் வேதாளக் கதைகளுக்குச் சங்கர் என்ற கே. சி. சிவசங்கரன் வரைந்த தலைப்புப்படம், பிணத்தைத் தோளில் சுமந்து கையில் வாளோடு மயானத்தில் நடக்கும் அரசனைக் காட்டுகிறது. வேதாளம் கிடைத்த கணமும் அதில் இல்லை, தப்பிய கணமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நடை மட்டும் இருக்கிறது. மாதந்தோறும் அதே படம் வந்தும் வாசகர் சலிக்கவில்லை. உச்சத்துக்குச் சற்று முந்திய கணமே ஓவியத்துக்கு உரியது என்று ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங் 1766-இல் லாவோகூன் சிலையை வைத்து வாதிட்டார். அவரைப் படிக்காமலும் அந்த முடிவுக்கு வரலாம்.

வள்ளி கதையில் அத்தகைய கணம் வேங்கைதான். நம்பியும் வேடர்களும் புனத்துக்கு வருகிறார்கள். நேற்றுவரை இல்லாத இடத்தில் முழு மரம் நிற்கிறது. இதில் ஏதோ மாயம் இருக்கிறது, வெட்டிவிடலாம் என்கிறார்கள் வேடர்கள். நம்பி தடுக்கிறான்; நிழலுக்காவது இருக்கட்டும் என்று விட்டுப்போகிறான். மரம் யார் என்று அங்கே இருப்பவர்களில் வள்ளிக்கு மட்டுமே தெரியும். அட்டைக்கு வேண்டிய யாவும் இதில் இருக்கின்றன: ஓங்கிய கோடரி, தடுக்கும் கை, அறிந்தவள் ஒருத்தி, அறியாதவர் பலர்.

மரம் வேறாக இல்லாமல் வேங்கையாக இருப்பதும் தற்செயல் அல்ல. குறிஞ்சித் திணைப் பாடல்களில் வேங்கை பூப்பது தினை முற்றியதற்கு அடையாளம். தினை கொய்தால் காவல் முடியும். காவல் முடிந்தால் சந்திப்பும் முடியும். மஞ்சள் பூ அடர்ந்த வேங்கையை அட்டையில் வரைந்தாலே காதலர்க்குக் கெடு வைத்தாகிவிட்டது. வேங்கைப் பட்டையைக் கீறினால் சிவந்த பிசின் கசியும். கோடரி விழுந்தால் என்ன வழியும் என்பதை மரம் அறிந்தவன் படத்தைப் பார்த்ததும் உணர்வான். உணராதவனுக்கும் கதை குறையாது.

ஆட்களை நிறுத்தும் முறையில்தான் ஓவியனின் திறமை தெரியும். வேடர் அனைவரும் மரத்தைப் பார்க்க வேண்டும். பரண்மீது கவணோடு நிற்கும் வள்ளி மட்டும் மரத்தைப் பார்க்கக்கூடாது. தந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏன் அவள் மட்டும் மரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை என்ற கேள்வி வாசகனுக்கு எழுந்துவிட்டால் அட்டை தன் வேலையைச் செய்துவிட்டது. வண்ணத்தில் ஓர் இடர் உண்டு. நால்வண்ண அச்சில் மஞ்சள் வெள்ளைத்தாளில் எடுபடாது. முற்றிய தினையின் பொன்னிறமும் பூவோடு கலந்துவிடும். எனவே மரத்தின் பின்னே வள்ளிமலையில் காண்பது போன்ற கரும்பாறைச் சரிவு வேண்டும். தினை படத்தின் அடிப்பகுதியில் நிழலுக்குள் இறங்க வேண்டும். பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் இதழுக்கு மேல்பாகமே கண்ணில் படும் என்பதால் மரத்தின் தலையும் நூற்பெயரும் அங்கே சேர்ந்து அமைய வேண்டும்.

தெய்வம் இல்லாத அட்டை விலைபோகாது என்ற ஆட்சேபம் இன்னும் மிச்சமிருக்கிறது. அட்டையில் தெய்வம் இருக்கிறது. படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சமரசமாகச் சிலர் மரப்பட்டையில் முருகனின் முகத்தை மெல்லிதாகத் தீட்டலாம் என்கிறார்கள். மூன்று யோசனைகளிலும் இதுவே மோசமானது. நம்பியின் கண்ணுக்குத் தப்பியது வாசகன் கண்ணுக்கு வலியக் காட்டப்படும்போது நம்பி மடையனாகிறான்; கதை அவனை அப்படி வைக்கவில்லை. மாயம் என்று ஐயம் எழுந்தும் வெட்டாமல் விட்டவன் அவன்.

அசையும் பக்கத்துக்கும் இதே காட்சி பொருந்தும், ஆனால் விதி மாறுகிறது. திரையில் ஒரு கட்டம் மட்டும் சில வினாடிகள் அசைந்து மீண்டும் முதலிலிருந்து ஓடும். முதல் ஓவியமும் கடைசி ஓவியமும் ஒட்டாவிட்டால் துள்ளல் தெரியும். அசைவு வசதி கிடைத்ததும் பலரும் முதலில் செய்ய நினைப்பது வேடன் மரமாகும் மாற்றம். சுழலும் படத்தில் அது வேடன், மரம், வேடன், மரம் என்று திருவிழாச் சீரியல் விளக்குபோல மின்னி மின்னி அணையும். முடிவில்லாமல் சுழலும் பக்கத்துக்கு முடியாத செயலே ஏற்றது. கோடரி எழுகிறது, நம்பியின் கை உயர்கிறது, கோடரி தாழ்கிறது, மறுபடி எழுகிறது, ஒருபோதும் விழுவதில்லை.

காற்றில் தினைக்கதிர் சாய வேண்டும், கிளிகள் எழ வேண்டும், வேடரின் தழையாடை ஆட வேண்டும். வேங்கை மட்டும் ஓர் இலைகூட அசையாமல் நிற்க வேண்டும். அச்சில் எல்லாமே அசைவற்றவை என்பதால் இந்தக் குறிப்பு அங்கே கிடைக்காது. அசையும் பக்கத்தில் மட்டுமே அசையாமை பொருள் பெறுகிறது. வேலையும் குறைகிறது. வினாடிக்கு 24 பிரேம், இரண்டு பிரேமுக்கு ஓர் ஓவியம் என்ற வழக்கப்படி 4 வினாடிச் சுழற்சிக்கு 48 ஓவியங்கள் வேண்டும். மரத்துக்கு ஒன்றே போதும். பாறை, தினை, ஆட்கள், பரண் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக வைத்து முன்னடுக்கை விரைவாகவும் பின்னடுக்கை மெதுவாகவும் நகர்த்தினால் ஆழம் கிடைக்கும். டிஸ்னி நிறுவனம் 1937-இல் ‘தி ஓல்ட் மில்’ படத்தில் கண்ணாடித் தட்டுகளை அடுக்கிச் செய்ததை இன்று கணினி செய்கிறது.

எழுத்தமைப்பைப் பொறுத்தவரை, தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்துகள் மேலும் கீழும் கொம்பும் சுழியுமாக நீள்பவை. பேச்சுக்குமிழ்களை அகலமாகவும் வரிகளை இடைவெளியோடும் வைக்க வேண்டும். பேச்சை ஓவியத்திலிருந்து பிரித்துத் தனி அடுக்கில் வைப்பது நல்லது. 1960 ஏப்ரல் 1-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தோடு சேர்ந்த ஊர் திருத்தணி. மலையேறுவோரில் தெலுங்கர் இன்றும் பலர். அந்த அடுக்கை மட்டும் மாற்றினால் தெலுங்குப் பதிப்பு கிடைத்துவிடும்.

ஒலி பற்றித் தனியாக ஆராய வேண்டும். கிளியோட்டும் ஆலோலம் இருந்தால் போதும், பின்னணி இசை தேவையில்லை என்று தோன்றுகிறது. கிழவன் வேடத்துக்கும் யானைக் காட்சிக்கும் இதே முறை பொருந்துமா என்று யாராவது வரைந்து பார்க்கலாம். தோற்பாவைக் கூத்தின் மூட்டு அசைவுகளை அடுக்கு முறையோடு ஒப்பிடலாம். அம்புலிமாமா முகப்புகளில் வட்டாதி பாப்பையா கையாண்ட வண்ணங்களைத் தொகுக்கலாம். அசையும் பக்கத்தை அச்சுப் புத்தகத்தோடு கியூஆர் குறியால் இணைப்பது எளிது. எந்தப் பக்கத்தில் இணைப்பது என்பதுதான் சிக்கல். வேங்கைப் பக்கத்தில் என்பது இங்கே முன்வைக்கப்படும் யோசனை.